நாய்க்கு மீன் சாப்பாடு: மசாலாவுக்கு முன்னே எடுத்து வையுங்கள்

கேள்வி: எங்கள் வீடு தூத்துக்குடியில். ஜிம்மி 3 வயது லேப்ரடார், ஆண், 28 கிலோ. காலையில் பாக்கெட் உணவு, இரவில் கோழிச் சோறு. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்தால் அடுப்படி வாசலை விட்டு நகராது. அடுத்த மாதம் அதன் பிறந்தநாள். அன்றைக்கு மீன் சாப்பாடு செய்து போட ஆசை. குழம்பில் கிடக்கும் துண்டைக் கழுவிப் போட்டால் போதும் என்கிறார் மாமியார். முள் தொண்டையில் மாட்டும், மீனே வேண்டாம் என்கிறார் கணவர். பச்சையாகப் போடுவதுதான் நல்லது என்று யூடியூபில் ஒருவர் பேசுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவரில் உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. முள்ளைப் பற்றிய பயம் நியாயமானது. அதற்காக மீனையே ஒதுக்க வேண்டியதில்லை. எளிதில் செரிக்கும் புரதம் அது. மத்தி, அயிலை போன்றவற்றில் தோலுக்கும் முடிக்கும் நல்லதான ஒமேகா 3 கொழுப்பும் உண்டு. ஜிம்மிக்குத் தாராளமாகச் செய்து போடலாம். அதன் பங்கை மட்டும் மசாலா தொடும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

மாமியாரின் யோசனையை முதலில் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான். குழம்பில் வெந்த துண்டைக் குழாயில் காட்டினால் மேலே ஒட்டிய மசாலா போகும், உள்ளே ஊறியது போகாது. மிளகாயும் உப்பும் வயிற்றைக் கலக்கும், அதிகத் தாகம் எடுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை வெங்காயமும் பூண்டும். இவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வதக்கினாலும் அரைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் மாறாது. நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராமுக்கு மேல் வெங்காயம் ஒரே நேரத்தில் உள்ளே போனால் நஞ்சாகலாம் என்பது கால்நடை மருத்துவத்தில் நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. ஜிம்மிக்கு அது 140 கிராம், அதாவது இரண்டு நடுத்தர வெங்காயம். ஒரு துண்டு மீனில் அவ்வளவு ஏறாது என்பது உண்மைதான். ஆனால் குழம்புச் சோற்றைப் பிசைந்து அடிக்கடி வைக்கும் வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாகவும் இந்தப் பாதிப்பு சேரும். அறிகுறியும் உடனே தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அதற்குள் என்ன சாப்பிட்டது என்பதையே வீட்டில் மறந்திருப்பார்கள்.

அப்புறம் புளி. இதைப் பற்றி நம் ஊரில் யாரும் எச்சரிப்பதில்லை. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது பல வருடங்களாகத் தெரிந்த விஷயம், காரணம்தான் பிடிபடாமல் இருந்தது. புளியையும், கேக் செய்யப் பயன்படும் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற பொடியையும் தின்ற நாய்களுக்கும் அதே போன்ற சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2022இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். மூன்றுக்கும் பொதுவாக இருப்பது டார்ட்டாரிக் அமிலம். நம் புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணமே அந்த அமிலம்தான். எவ்வளவு புளி எந்த நாயைப் பாதிக்கும் என்று அளவு சொல்ல முடியாத நிலையில், மீன் குழம்பு நாயின் தட்டுக்குப் போகவே கூடாது என்பதுதான் என் கருத்து. பொரித்த மீனும் வேண்டாம். எண்ணெய் அதிகமான சாப்பாடு சில நாய்களுக்குக் கணையத்தில் வீக்கத்தைக் கொண்டுவரும். வாந்தி, வயிற்றுவலி, மருத்துவமனையில் டிரிப்ஸ் என்று பிறந்தநாள் முடியும்.

யூடியூப்காரருக்கு ஒரு பத்தி போதும். மத்தி, நெத்திலி, கெண்டை வகைகள் போன்ற பல மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பி1 வைட்டமினை அழித்துவிடும். தொடர்ந்து பச்சையாகத் தின்னும் நாய் முதலில் சாப்பாட்டை வெறுக்கும், பிறகு தள்ளாடும், முற்றினால் வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். மீனில் இருக்கும் புழுக்களும் பெரும்பாலான கிருமிகளும் அதே சூட்டில் போய்விடும். வேறென்ன வேண்டும், வேகவைத்துவிடுங்கள்.

வேகவைத்தாலும் போகாத ஒன்று இருக்கிறது. மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, முகத்தில் வீக்கம் என்று வரலாம். "நாய்க்குத்தானே" என்று சாயங்காலம் கூடையின் அடியில் மிஞ்சியதை மலிவாக வாங்குகிறோமே, அதில்தான் வம்பு. செவுள் சிவப்பா, கண் தெளிவா, சதையை விரலால் அழுத்தினால் பள்ளம் மேலே எழும்புகிறதா என்று உங்களுக்கு வாங்கும்போது பார்ப்பீர்கள் அல்லவா, அதே மீன்தான் ஜிம்மிக்கும். கடையில் ஓசியில் கொடுக்கும் தலை, செவுள், குடல் வேண்டாம். தலை கிடைத்தே தீரும் என்றால் குக்கரில் வேகவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் சோற்றில் ஊற்றலாம்.

எந்த மீன் என்று கேட்டால், முதல் தடவைக்கு நான் சொல்வது பாறை அல்லது கொடுவா. நடு முள்ளை எடுத்துவிட்டால் சதை பாளம் பாளமாக வரும். வஞ்சிரத்திலும் முள் எடுப்பது எளிது, ஆனால் பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். பிறந்தநாளுக்கு ஒரு துண்டு என்றால் பரவாயில்லை, வாரா வாரம் வேண்டாம். சுறாவுக்கும் பெரிய சூரைக்கும் இதே பேச்சு. கட்லாவும் ரோகுவும் வேண்டாம் என்பேன். சதைக்குள்ளேயே கவட்டை மாதிரி கிளைத்த மெல்லிய முட்கள் இருக்கும், நமக்கே பொறுமை போய்விடும். கெளுத்தியின் துடுப்பு முள் அரம் போல இருக்கும், குத்தினால் கடுக்கும். வெட்டிய கழிவில்கூட அதை நாய் வாய் வைக்க விடாதீர்கள். கருவாடு என்றால் உப்பு மூட்டை, பேச்சே இல்லை.

உங்கள் பக்கம் சாளை என்று சொல்லும் மத்திதான் விலைக்கும் சத்துக்கும் எனக்குப் பிடித்தது. சிறிய மீன் என்பதால் பாதரசம் குறைவு. அதன் முள்ளை எடுக்க வேண்டியதுகூட இல்லை. தலையும் குடலும் நீக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, குக்கரில் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்தால் முள் மாவாகிவிடும். நேரத்தை நம்பாதீர்கள், நடு முள்ளை எடுத்து இரு விரலுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். பிசைந்த சோறு போல நசுங்க வேண்டும். சிறு துணுக்காவது குத்தினால் மறுபடி மூடி வையுங்கள். கொழுப்பு அதிகம் என்பதால், மத்தி என்றால் கீழே சொல்லும் மீன் அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

இனி சமையல். பாறை என்றே வைத்துக்கொள்வோம். கல் உப்பு போட்டு உரசிக் கழுவும் பழக்கம் இருந்தால், நாயின் பங்கை நல்ல தண்ணீரில் மேலும் இரண்டு முறை அலசுங்கள். அகலமான சட்டியில் துண்டு மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, வேண்டுமானால் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். சதை கண்ணாடித்தன்மை போய் வெள்ளையாகி, கரண்டி நுனியால் தொட்டால் பிரிய வேண்டும். இட்லிப் பானையிலும் வைக்கலாம், ஆனால் அடுத்த நாள் இட்லியில் மீன் வாடை வருகிறது என்று வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

முள் எடுப்பதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். கை பொறுக்கும் சூடு வந்ததும் துண்டை முதுகுப் பக்கமாகப் பிளந்து நடு முள்ளைத் தூக்குங்கள், மொத்தமாக வரும். வயிற்றுப் பக்கம் வளைந்த விலா முட்கள் தனியாக இருக்கும். துடுப்பு முளைத்த இடத்தில் குட்டி முட்கள் ஒளிந்திருக்கும், அந்தச் சதையை அப்படியே ஒதுக்கிவிடலாம். பிறகு மீதிச் சதையை உதிர்த்து எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, விரல் நுனியால் தட்டோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தப்பிய முள் தட்டில் உரசும்போது கைக்குத் தெரியும், சில நேரம் காதுக்கும் கேட்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பதைவிட இது நம்பகமானது.

அளவைப் பொறுத்தவரை, நாயின் எடையில் கிலோவுக்கு 10 கிராம் மீன், அதே அளவு சோறு, அதில் பாதி காய் என்பது 10 கிலோ நாய்க்கு ஒரு வேளைச் சாப்பாடு. பெரிய நாய்க்கு அதை அப்படியே பெருக்கக் கூடாது, எடை கூடக் கூட கிலோவுக்கான தேவை குறையும். ஜிம்மிக்கு 200 முதல் 225 கிராம் மீன், குழைய வெந்த சோறு 200 கிராம், காரட், பீன்ஸ், பரங்கிக்காய் எல்லாம் சேர்த்து 80 கிராம் போதும். காயை நன்றாக வேகவைத்து மசித்துவிடுங்கள். மீன் வெந்த தண்ணீரை வடிகட்டிச் சோற்றில் ஊற்றினால் வாசத்துக்கே தட்டு காலியாகிவிடும். உப்பு, எண்ணெய், தேங்காய்ப்பால் எதுவும் வேண்டாம்.

முக்கியமாக, இது அன்றைய கோழிச் சோற்றுக்குப் பதில். கோழிச் சோறும் போட்டு மீன் சோறும் போட்டால் லேப்ரடார் இரண்டையும் தின்னும், மூன்றாவதையும் எதிர்பார்க்கும். அந்த இனத்துக்கு வயிறு நிறைந்தது என்பதே தெரியாது. இடையில் வாய்க்கு ருசியாக மட்டும் கொடுப்பதென்றால் அன்றைய மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். ஜிம்மிக்கு அது சுமார் 100 கிராம் பாறை.

பிறந்தநாள் அன்றைக்கே முதல்முறையாக வைக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே ஒரு தேக்கரண்டி வெந்த மீன் கொடுத்து இரண்டு நாள் கவனியுங்கள். காது, பாதம், அடிவயிறு அரித்தால், மலம் இளகினால், மீன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கனவே கணையம் அல்லது சிறுநீரகக் கோளாறு வந்த நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஜிம்மியைப் பார்த்து டால்மேஷன் வளர்க்கும் பக்கத்து வீட்டார் ஆசைப்பட்டால் அவர்களுக்கும் சொல்லுங்கள்: அந்த இனத்துக்குச் சிறுநீர்ப் பாதையில் யூரேட் என்ற வகைக் கல் வரும் வாய்ப்பு பிறவியிலேயே அதிகம், மத்தியும் நெத்திலியும் அதைக் கூட்டும்.

நன்றாக இருக்கிறது என்று தினமும் மீன் சோறே போட ஆரம்பித்துவிடாதீர்கள். முள் நீக்கிய மீனிலும் சோற்றிலும் கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிகளுக்கு அதையே கொடுத்தால் எலும்பு வலுவிழந்து கால் வளையும். உங்கள் இரவுக் கோழிச் சோறுக்கும் இந்தக் குறை உண்டு, காலைப் பாக்கெட் உணவுதான் ஓரளவு ஈடுகட்டுகிறது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இதையும் கேட்டுவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கால்சியம் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், அளவு கூடினாலும் கெடுதல்தான்.

எல்லாம் பார்த்துச் செய்தும் முள் மாட்டிக்கொண்டால்? நாய் முன்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் வடியும், ஓங்கரிக்கும், விழுங்க முடியாமல் தவிக்கும். நமக்குச் செய்வது போல வாழைப்பழமோ சோற்று உருண்டையோ திணிக்காதீர்கள், முள் இன்னும் ஆழமாகப் போகும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது அதைவிட ஆபத்து. நேராக மருத்துவரிடம் போங்கள்.

கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் வாருக்குக் கொஞ்சம் நீளம் குறையுங்கள். வலையிலிருந்து உதறிப்போட்ட பேத்தை மீன் மணலில் கிடக்கும். அதன் ஈரலிலும் முட்டையிலும் உள்ள நஞ்சு கொடியது, மாற்று மருந்தும் கிடையாது. மீன் ருசி பழகிய நாய்க்கு மணலில் கிடப்பதும் தட்டில் வைத்ததும் ஒன்றுதான்.

மிஞ்சிய மீன் சோறு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். வெந்த மீனை மட்டும் சிறு டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம்வரை எடுத்து எடுத்துச் சூடாக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, நல்ல மீன் விலையும் ஏறும் என்பதால் அந்த டப்பாக்கள் உதவும். அப்புறம், கை நோக எடுத்த முள்ளை அடுப்படிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வராதீர்கள். பையில் இறுக்கிக் கட்டி வெளியே போட்ட பிறகு ஜிம்மியின் தட்டை வையுங்கள்.