ரம்மி திறன் விளையாட்டு என்பதால் செயலியில் பணம் கட்டி ஆடலாமா?

உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறன் விளையாட்டு என்று ஏற்றதால் செயலியில் பணம் வைத்து ஆடுவதும் சரிதான் என்று பலர் எடுக்கும் முடிவு இன்று நிற்காது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், வெல்லும் எதிர்பார்ப்பில் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை, அது திறனைச் சார்ந்ததா அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா என்று பாராமலே ஒரே வரையறைக்குள் கொண்டுவந்து, அதை வழங்குவதைத் தடை செய்கிறது.

இந்தக் குழப்பம் உச்ச நீதிமன்றம் 1968இல் சத்தியநாராயணா வழக்கில் அளித்த தீர்ப்பிலிருந்து வந்திருக்கலாம். விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதைக் கையில் வைத்து எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் ரம்மியில் மேலோங்கி நிற்பதால் அது திறன் விளையாட்டு என்றது நீதிமன்றம். அதில் அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. ஆட்டத்தை நடத்துபவர் அதிலிருந்து லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. விளம்பரங்கள் அந்த வரியை வசதியாக விட்டுவிடுகின்றன.

செயலியின் விதிமுறைகளில் நுழைவுக் கட்டணமோ, பணமாக மாற்றத்தக்க டோக்கனோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், திறன் வாதம் அங்கே உதவாது.

தண்டனைப் பிரிவுகள் ஆடுபவரை அல்ல, நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவரையுமே குறிவைக்கின்றன. இச்சட்டத்தை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டிருப்பதால், அண்மை உத்தரவுகளை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.