கருவிழி மாற்றிய பிறகு எதற்கு இத்தனை ஸ்கேன்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 63. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கருவிழியில் நீர் கோத்துக்கொண்டதால், மூன்று மாதம் முன்பு டிமெக் முறையில் உள்படலத்தை மட்டும் மாற்றினார்கள். நாலாவது நாள் ஸ்கேனில் ஓரம் ஒட்டவில்லை என்று மறுபடி காற்று ஏற்றினார்கள். இப்போது செல் எண்ணிக்கை 2,600இலிருந்து 1,750 ஆகிவிட்டதாம். பார்வை நன்றாக இருக்கிறது என்கிறார் அம்மா. இத்தனை ஸ்கேன் கண்ணைக் கெடுக்காதா? வைத்த படலம் வீணாகிவிடுமா?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். அம்மாவுக்கு எடுக்கும் ஓசிடி ஸ்கேன், ஒளியால் கண்ணின் அடுக்குகளைப் படம் பிடிப்பது. இதில் எக்ஸ்ரே கிடையாது, வெறும் ஒளிதான், கண்ணைத் தொடுவதும் இல்லை. எத்தனை முறை எடுத்தாலும் கெடுதல் இல்லை.

அம்மாவுக்கு வைத்த படலத்தின் தடிமன் 10 முதல் 15 மைக்ரான், அதாவது தலைமுடியில் கால் பங்குகூட இல்லை. தையல் போட முடியாது. உள்ளே விட்ட காற்றுக் குமிழி கீழிருந்து தாங்கிப் பிடிக்க, அது தானாகவே ஒட்ட வேண்டும், மல்லாந்து படுக்கச் சொன்னதும் அதற்காகத்தான். ஆபரேஷன் ஆன புதிதில் கருவிழி வீங்கி, ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும், விளக்கு அடித்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தப் படலம் ஒட்டியிருக்கிறதா, விலகி நிற்கிறதா என்று பல நேரம் எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஓசிடியில் கருவிழியின் குறுக்குவெட்டு தெரியும். இடைவெளி இருந்தால் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஓரத்தில் கொஞ்சம் விலகினால் தானாக ஒட்டுகிறதா என்று காத்திருப்போம், அதிகமாக விலகினாலோ நடுப்பகுதியை நோக்கி வந்தாலோ மறுபடி காற்று ஏற்றுவோம். டிமெக்கில் அடிக்கடி பார்க்கும் விஷயம்தான் இது, யார் தப்பும் இல்லை, அம்மா அசைந்துவிட்டாரோ என்று வீட்டில் யாரும் அவரைக் குறை சொல்லவும் வேண்டாம்.

சரி, செல் கணக்குக்கு வருவோம். ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை செல் என்பதுதான் அந்த எண். உள்படலத்தில் இருக்கும் இந்த செல்கள்தான் கருவிழிக்குள் கசியும் நீரை ஓயாமல் வெளியேற்றுகின்றன. நம் உடம்பு இவற்றைப் புதிதாக உண்டாக்காது, ஒன்று போனால் பக்கத்தில் இருப்பது விரிந்து அந்த இடத்தை மூடும். ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு குறைவது வழக்கமாக நாங்கள் பார்ப்பதுதான், அம்மாவின் கணக்கும் அதற்குள்தான் வருகிறது. 500க்குப் பக்கம் இறங்கினால்தான் கருவிழி மறுபடி நீர் கோக்கும் ஆபத்து. இன்னொன்று, செல்களை எண்ண எடுக்கும் படம் கருவிழியில் ஒரு துளி இடத்தைத்தான் எடுக்கிறது, கொஞ்சம் தள்ளி எடுத்தால் எண் மாறும், ஆகவே ஒரே ஒரு எண்ணை வைத்துக் கலங்காதீர்கள். நானாக இருந்தால் முதலில் கருவிழியின் தடிமனைக் கேட்பேன். அரை மில்லிமீட்டரை ஒட்டி, அதாவது 500 முதல் 550 மைக்ரானுக்குள் நிலையாக நின்றால் செல்கள் வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

ஆனால் ஸ்கேன் எடுத்த அன்றைய நிலையைத்தான் அது சொல்லும். உடம்பு இந்தப் படலத்தை நிராகரிக்கத் தொடங்குவது இரண்டு செக்கப்புக்கு நடுவிலும் நடக்கலாம், ஒரு வருடம் கழித்தும் நடக்கலாம். கண் சிவப்பது, வெளிச்சம் பட்டால் கூசுவது, வலி, தெளிவாக இருந்த பார்வை மங்குவது, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பார்வைதான் நன்றாக இருக்கிறதே என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எப்போது எத்தனை சொட்டு குறைப்பது என்று அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதே மருந்து சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், அதனால் அடுத்த முறை போகும்போது அழுத்தம் எவ்வளவு என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.