விண்டோஸ் நிரலை லினக்ஸுக்கு மாற்றியதும் நேரம் தவறுவது ஏன்?

விண்டோஸில் சரியாக ஓடிய நிரல், லினக்ஸில் பல மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது என்கிறீர்கள். முதலில் நேர மண்டலத்தின் பெயரைப் பாருங்கள். விண்டோஸில் 'டோக்கியோ ஸ்டாண்டர்ட் டைம்' என்பது லினக்ஸில் 'ஏசியா/டோக்கியோ'. தெரியாத பெயரை டிஇசட் (நேர மண்டலத்தைச் சொல்லும் சூழல் மாறி) மாறியில் கொடுத்தால் லினக்ஸ் பெரும்பாலும் பிழை எதுவும் சொல்லாமல் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தைக் காட்டிவிடும். இதுதான் ஆளை அலைக்கழிப்பது. இரண்டு பெயர்களையும் இணைக்கும் அட்டவணை யூனிகோடின் சிஎல்டிஆர் என்ற மொழி, வட்டாரத் தரவுத் தொகுப்பில் இருக்கிறது. தயவுசெய்து நீங்களே ஒன்றை எழுத உட்காராதீர்கள்.

அப்புறம் கூட்டல், கழித்தல் குறி. டோக்கியோ யுடிசியைவிட 9 மணி நேரம் முன்னால். அதற்கு விண்டோஸ் தரும் 'பயஸ்' மதிப்பு (உள்ளூர் நேரத்தோடு கூட்டினால் யுடிசி கிடைக்கும் எண்) -540 நிமிடம். லினக்ஸ் தருவதோ +32400 வினாடி. அலகை மட்டும் மாற்றிவிட்டுக் குறியை மறந்தால் 18 மணி நேரம் பிசகும்.

கோப்பு நேரங்களை விண்டோஸ் 1601 முதலும், லினக்ஸ் 1970 முதலும் எண்ணுகின்றன. விண்டோஸ் எண்ணை 1 கோடியால் வகுத்து வினாடியாக்கி, இரண்டு தொடக்கங்களுக்கும் இடையிலான 11644473600 வினாடியைக் கழியுங்கள், சரியாகிவிடும்.

நடந்து முடிந்தவற்றை யுடிசியிலேயே சேமியுங்கள். வருங்காலச் சந்திப்புகளுக்கு உள்ளூர் நேரத்தோடு மண்டலப் பெயரும் வேண்டும், ஏனென்றால் கோடைகால நேர விதிகளை அரசுகள் மாற்றுவதுண்டு.