150 வருஷ சைடுபோர்டு என்று விற்றார், உள்ளே ரப்பர் மரம்: பணம் திரும்ப வருமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டு ஹாலில் ஒரு பழைய சைடுபோர்டு (பாத்திரங்கள் வைக்கும் தாழ்வான மர அலமாரி) வைக்க வேண்டும் என்பது அவர் மனைவியின் நெடுநாள் ஆசை. மூன்று மாதம் முன்பு பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய மரச்சாமான் கடையில் 1,75,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். "150 வருஷம் பழசு சார், ஒரிஜினல் பர்மா தேக்கு" என்று கடைக்காரர் போட்டோவோடு வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். போன வாரம் டிராயர் சிக்குகிறது என்று ஆசாரியைக் கூப்பிட்டால், அவர் சாமானை நகர்த்திப் பார்த்துவிட்டு, கதவு இரண்டும்தான் பழைய தேக்கு, மற்றதெல்லாம் ரப்பர் மரத்தின் மேல் ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மரத்தோல், பின்பலகை மரத்தூள் நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை என்று சொல்லிவிட்டார். கடைக்காரரோ பில்லில் அச்சடித்திருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியைக் காட்டுகிறார். பணம் திரும்ப வருமா, அப்புறம் உண்மையான பழைய சாமான் ஒன்று கிடைத்தால் சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமா, இதுதான் அவர் கேள்வி.

சார், உங்கள் பக்கம் வழக்கு பலமாகவே இருக்கிறது. அதில் பாதி பலம் அந்த வாட்ஸ்அப் மெசேஜில் இருக்கிறது, அதனால் வழக்கு முடிகிறவரை அந்த போனை மாற்றாதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள். "நல்ல சாமான், வீட்டுக்கே களை வந்துடும்" என்று அவர் சொல்லியிருந்தால் அது வியாபாரப் பேச்சு, யாரும் அதை வைத்து வழக்குப் போட முடியாது. "150 வருஷம்", "பர்மா தேக்கு" இரண்டும் அப்படியில்லை, சரிபார்க்கக்கூடிய விவரங்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 15, விவரம் சொல்லி விற்ற சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதை விற்பனையின் நிபந்தனையாகவே வைக்கிறது. "நீங்கதான் கடையில் பார்த்து வாங்கினீங்களே" என்று அவர் சொல்வார். சுவரோடு ஒட்டி வைத்த சாமானின் முதுகையும், வெனீருக்கு அடியில் இருக்கும் மரத்தையும் சாதாரண ஆள் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் அதற்குப் பதில்.

பில்லில் இருக்கும் அந்த வரிக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) முறையற்ற வணிக நடைமுறைகளைச் சொல்கிறது. அதில் பழைய பொருளைப் புதிது என்று விற்பதைப் பற்றித் தனியாக ஒரு உட்பிரிவு உண்டு. உங்கள் விஷயம் அதற்கு நேர் தலைகீழ், புதியதைப் பழையது என்று விற்றிருக்கிறார்கள், அதனால் மனுவில் அந்த உட்பிரிவைப் போட்டுவிடாதீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். பொருளின் தரம், சேர்மானம், பாணி பற்றிப் பொய்யாகச் சொல்வதும் முறையற்ற வணிகம் என்று அதற்கு முன்னாலேயே வருகிறது, உங்களுக்குப் பொருந்துவது அது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே பிரிவில் இருக்கிறது, ஆனால் பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள்தான் கணக்கு. நீங்கள் மூன்று மாதம் தாண்டிவிட்டீர்கள். ஆகவே பொய் விவரம் என்பதையே முதல் வாதமாக வையுங்கள், அதற்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.

இப்போது நிஜமான சிக்கலுக்கு வருவோம். "பழைய சாமான்தான் சார், நடுவில் யாரோ ரிப்பேர் பண்ணியிருக்காங்க, பின்பலகை மாத்தியிருக்காங்க" என்று அவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? நூறு வருஷம் புழங்கிய எந்த மரச்சாமானிலும் பலகை மாறியிருக்கும், கைப்பிடி மாறியிருக்கும், அது ஏமாற்று ஆகாது. பிளஸ் தலை ஸ்குரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது, எம்.டி.எஃப். அதற்கும் பல வருடம் கழித்து. ஆனால் இரண்டும் ரிப்பேரில் வந்தவை என்று சொல்லித் தப்பிக்க இடம் உண்டு. தப்பிக்க முடியாத இடம் உடம்புக் கட்டுமானம். மரச்சட்டங்களும் பக்கப்பலகையும் ரப்பர் மரம் என்றால், டிராயர் மூலைகள் எல்லாம் மெஷினில் வெட்டிய ஒரே அளவு என்றால், ஸ்குரூ இருக்கும் இடத்தில் பழைய ஆணித் துளை ஒன்றுகூட இல்லை என்றால், எங்கோ உடைந்த சாமானின் இரண்டு கதவை எடுத்து அதைச் சுற்றிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது தெளிவாகிவிடும். இந்த வியாபாரத்தில் நடக்கும் மோசடிகளில் எனக்கு மிகவும் கோபம் வருவது இதுதான். ராயபுரத்திலும் பெரம்பூர் ரயில்வே குடும்பங்களிலும் தாத்தா காலத்து சைடுபோர்டைப் பொக்கிஷமாக வைத்திருந்தவர்கள் உண்டு, அந்தப் பிரியத்தைத்தான் இவர்கள் விலையாக்குகிறார்கள்.

அதனால் ஆசாரியை மேற்கொண்டு கை வைக்க விடாதீர்கள். டிராயர் சிக்கினால் சிக்கட்டும். தேய்த்தாலோ பாலிஷ் போட்டாலோ "நீங்கதான் மாத்திட்டீங்க" என்பார் கடைக்காரர். பின்பக்கம், அடிப்பக்கம், டிராயர் மூலைகள், ஸ்குரூ துளைகள் எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுங்கள், ஆசாரி பார்த்ததைத் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மரம் எது என்று பெங்களூரில் இருக்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் அடையாளம் காணலாம். வழக்கு போகும் நுகர்வோர் ஆணையமே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38இன் கீழ் பரிசோதனைக்கு அனுப்பவும் முடியும், செலவை நீங்கள் முதலில் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம் உங்கள் கடிதத்தின் கடைசியில் சின்னதாக இருந்தது, எனக்கு அதுதான் உறுத்துகிறது. பில் 1,00,000 ரூபாய்க்கு, "பழைய மர அலமாரி 1" என்று மட்டும். மீதி 75,000 ரொக்கம். ரொக்கத்துக்கு ரசீது இல்லை. ஆனால் "மீதி 75 கையில கொடுத்துடுங்க" என்று அவரே மெசேஜ் போட்டிருக்கிறார் என்கிறீர்கள், அன்று வங்கியில் எடுத்த கணக்கும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் போதும், முழுத் தொகையையும் கேளுங்கள்.

முதலில் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு ஒரு நோட்டீஸ், 15 நாள் கெடு. சாமானை எடுத்துக்கொண்டு 1,75,000 ரூபாயைக் கொடு, வண்டிக் கூலியும் கொடு என்று நேராக எழுதுங்கள். பதில் இல்லை என்றால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழக்கை முடிக்கச் சட்டம் மூன்று மாதம், பரிசோதனை இருந்தால் ஐந்து மாதம் என்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சமரசத்துக்கு அழைத்தால் போங்கள், முழுப் பணம் என்றால் மட்டும் கையெழுத்து. போலீஸுக்கு இப்போது ஓட வேண்டாம். பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) பிரிவு 318இல் மோசடி என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், "என்னிடம் விற்றவன் அப்படிச் சொன்னான்" என்று அவர் கைகாட்டிவிடுவார். ஆணையத்தில் அவர் மனதில் என்ன இருந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்களுக்கு இல்லை.

சிங்கப்பூர் விஷயம். தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972இன்படி, நூறு வருடம் தாண்டிய கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம், தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. அதில் வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும். "150 வருஷம் என்றால் உங்களிடம் உரிமம் இருக்கிறதா?" என்று நோட்டீஸில் ஒரு வரி கேளுங்கள், மிரட்டலாக வேண்டாம், கேள்வியாக மட்டும். மகளுக்கு அனுப்ப ஆசை என்றால் நூறு வருடத்துக்குக் குறைவான சாமானாகப் பார்த்து, அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிய பிறகு கப்பல் கூலி பேசுங்கள்.