பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்து சீலியாக் நோய் என்று உறுதி செய்துவிட்டார்கள். ஆன்லைனில் 'குளூட்டன் ஃப்ரீ' மாவு, பிரெட், பிஸ்கட் என்று வாங்கியே மாதச் செலவு எகிறுகிறது. எதை நம்பி வாங்குவது? (வாசகி, மதுரை)

பதில்: முதலில் செலவைப் பார்ப்போம். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், அடை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எதிலும் இயல்பாகவே குளூட்டன் கிடையாது. அது கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் இருக்கும் புரதம். சீலியாக் உள்ளவர்களுக்கு அது குடலைச் சிதைக்கும். ரவை, மைதா, சேமியா, சம்பா கோதுமை எல்லாம் கோதுமைக் குடும்பம்தான். அரிசி, உளுந்து, சிறுதானியங்கள், மக்காச்சோளம், ஜவ்வரிசி, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் உங்கள் மகளுக்கு ஆகும். பஞ்சாபில் ஒரு வீட்டுக்கு இந்த நோய் வந்தால் அடுப்படியையே மாற்றியாக வேண்டும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதனால் அந்த விலை உயர்ந்த மாவை ஆசைக்கு எப்போதாவது வாங்கினால் போதும். பிஸ்கட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலானவற்றில் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் முக்கால்வாசி. பள்ளியில் பிறந்தநாள் கேக் வெட்டும் நாளுக்காக ஒரு பாக்கெட் கையிருப்பில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது? நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பொருளை மட்டுமே 'குளூட்டன் ஃப்ரீ' என்று சொல்லி விற்கலாம். 20 முதல் 100 மில்லிகிராம் வரை இருந்தால் அது 'லோ குளூட்டன்'. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டாவது உங்கள் மகளுக்கு வேண்டாம். 'வீட் ஃப்ரீ' என்றால் கோதுமை இல்லை, ஆனால் பார்லி மால்ட் இருக்கலாம். 'நோ மைதா' என்பதற்குப் பெரும்பாலும் முழுக்கோதுமை என்றே பொருள். 'மல்டிகிரெய்ன்' என்றால் கோதுமையோடு இன்னும் நாலு தானியம்.

முன்பக்க வாசகத்தைப் படித்ததும் பாக்கெட்டைத் திருப்புங்கள். பொருள் பட்டியலுக்குக் கீழே 'கன்டெய்ன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். ஒவ்வாமை தரும் பொருள்களை அங்கே சொல்லியாக வேண்டும், குளூட்டன் உள்ள தானியங்களும் அதில் சேரும். 'மே கன்டெய்ன் வீட்' என்று இருந்தால், அதே ஆலையில் கோதுமையும் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு வைத்துவிடுங்கள். 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோதுமைக் கதிரின் மேல் குறுக்குக் கோடு போட்ட படத்தைச் சிலர் தாங்களாகவே வரைந்து அச்சடிக்கிறார்கள். முறையாக உரிமம் பெற்ற சின்னம் என்றால் அதன் அருகிலேயே ஒரு பதிவுக் குறியீடு இருக்கும். சந்தேகம் வந்தால் நிறுவனத்துக்கு எழுதி, அந்த பேட்சுக்கான குளூட்டன் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் அனுப்பும். 'எங்கள் தயாரிப்பு நூறு சதவீதம் இயற்கையானது' என்று பதில் வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.

கேள்வி: என் கணவருக்கு சீலியாக். ஒரு வருடத்துக்கு மேலாக வீட்டில் கோதுமை வாங்குவதே இல்லை. சாம்பார், ரசம், தயிர் சாதம்தான் சாப்பாடு. ஆனாலும் ரத்தத்தில் டி.டி.ஜி. (சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) அளவு சரியாக இறங்கவில்லை. எங்கே தவறு? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அந்த அளவு மெதுவாகத்தான் இறங்கும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் ஆகும். வேறு காரணங்களும் இருக்கலாம், அதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.

பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் நாடுகளிலிருந்து வருகிறது. அந்தப் பிசினை அப்படியே சமையலில் போட்டால் காரமும் நெடியும் தாங்காது. அதனால் மாவும் கோந்தும் சேர்த்துத்தான் கடைக்கு வருகிறது. 'கூட்டுப் பெருங்காயம்' என்று டப்பாவில் போட்டிருப்பது இதைத்தான். சேர்க்கும் மாவு பல நிறுவனங்களில் கோதுமை அல்லது மைதா, சிலவற்றில் அரிசி மாவு. கட்டிப் பெருங்காயம் என்றால் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டியிலும் மாவு உண்டு.

ஒரு சிட்டிகையில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். கோதுமை மாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அரை கிராம் மாவென்றால் கிட்டத்தட்ட 50 மில்லிகிராம். தினமும் அந்த அளவு மூன்று மாதம் உள்ளே போனால் சீலியாக் நோயாளிகளின் குடல் உறிஞ்சிகள் சிதையத் தொடங்குவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சிட்டிகையை நாலு பேர் பங்கிட்டுச் சாப்பிடுவதால் ஒருவருக்கு இவ்வளவு போகாது, உண்மைதான். ஆனால் காலையில் சாம்பார், மதியம் ரசம், மோர், கூடவே ஊறுகாய், அப்பளம், இட்லிப் பொடி, கோவில் புளியோதரை என்று கூட்டிப் பாருங்கள். நம் ஊரில் பெருங்காயம் ஒரு நாளில் ஒரு முறை மட்டும் வருவதில்லை.

அரிசி மாவோ கோந்தோ மட்டும் சேர்த்து, 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்ட பெருங்காயம் இப்போது கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் ஒரு டப்பா நாள்பட வரும். மகளுக்குப் பிஸ்கட் வாங்கும் மதுரை வாசகியும் பணத்தை இதில் போடலாம். சில்லறையாகப் பொட்டலம் கட்டித் தரும் பெருங்காயம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து பார்லி. கால் வீங்கினால், நீர்க்கடுப்பு வந்தால் பெரியவர்கள் பார்லி அரிசிக் கஞ்சி கொடுப்பார்கள். பெயரில்தான் அரிசி, பார்லி நேரடியாகவே விலக்க வேண்டிய தானியம். ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா போன்ற மால்ட் பானங்களும் அப்படியே. ஃபிரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸிலும் வழக்கமாகக் கோதுமை உண்டு. ஓட்ஸ் கொஞ்சம் சிக்கலானது. சுத்தமான ஓட்ஸ் பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் சாதாரணக் கடை ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அளவு இறங்கும் வரை அதைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: கேழ்வரகும் அரிசியும் மில்லில் கொடுத்துத்தான் அரைக்கிறோம். காலையில் முதல் ஆளாகப் போய் அரைத்தால் பரவாயில்லையா? (வாசகர், ஈரோடு)

பதில்: முந்தின நாள் கடைசியில் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு இயந்திரத்துக்குள்ளேயேதான் இருக்கும், காலையில் முதலில் வருவது உங்கள் கேழ்வரகோடு கலந்து வரும். தானியத்தை வீட்டில் கழுவிக் காயவைத்து, மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வது நல்லது. நோயாளிக்கென்று தனிச் சல்லடை வைத்துக்கொள்ளுங்கள், சல்லடைக் கண்ணில் ஒட்டிய மைதா எளிதில் போகாது. மாதம் பத்துக் கிலோ, பதினைந்து கிலோ தேவைப்படும் குடும்பம் என்றால் வீட்டு உபயோக மாவு இயந்திரம் வாங்கலாம். அப்புறம் அதில் கோதுமையும் அரைத்துக்கொள்ளலாமே என்று வீட்டில் யாராவது கிளம்புவார்கள், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கேழ்வரகு சேமியா என்று வாங்கினேன். பின்னால் பார்த்தால் கோதுமை மாவும் இருக்கிறது. இது ஏமாற்று இல்லையா? புகார் செய்யலாமா? (வாசகர், சேலம்)

பதில்: எரிச்சல் நியாயம்தான், ஆனால் கோதுமையைப் பட்டியலில் சொல்லியிருந்தால் அந்த ஒரு காரணத்துக்காகப் புகார் நிற்பது கடினம். பெயரில் கேழ்வரகைத் தூக்கிப் பிடித்தால் அது எத்தனை சதவீதம் என்று பட்டியலில் போட வேண்டும் என்பது விதி. அந்தச் சதவீதத்தைப் பாருங்கள், பல நேரம் கேழ்வரகு விருந்தாளியாகத்தான் வந்திருக்கும். தினை நூடுல்ஸ், கம்பு பிஸ்கட், சாமை ரஸ்க் எல்லாவற்றையும் இந்தச் சந்தேகத்தோடு பாருங்கள்.

முன்னால் 'குளூட்டன் ஃப்ரீ' என்றும் பின்னால் கோதுமை என்றும் இருந்தால் கதை வேறு. அது சட்டமீறல். பாக்கெட்டைக் கிழித்துப் போடாமல் பில்லோடு வைத்துக்கொண்டு, பேட்ச் எண், உரிம எண் தெரியும்படி படம் எடுத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுங்கள். பணத்தைத் திரும்பப் பெறும் விவகாரத்துக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: வயிற்று உப்புசம் தீரவில்லை. வீட்டிலிருந்தே ரத்தத் துளி அனுப்பினால் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒவ்வாமை சொல்லும் பரிசோதனை விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: வேண்டாம். அத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தை அளப்பவை. அதை வைத்து சீலியாக்கைக் கண்டுபிடிக்க முடியாது. வயிறு-குடல் மருத்துவரிடம் போனால் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற பரிசோதனை எழுதுவார், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி. அதற்கு முன்னால் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தாலும் 'இல்லை' என்றே முடிவு வரக்கூடும்.

தென்னிந்தியாவில் இது அரிது. 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வட இந்தியப் பெரியவர்களில் 1.23 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேருக்கும் சீலியாக் இருந்தது. எனவே உப்புசம் என்றதும் இதையே நினைக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தில் ஒருவருக்கு உறுதியானால் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மதுரை வாசகிக்கும் இது பொருந்தும்.

கேள்வி: மகனுக்குத் தேவாலயத்தில் முதல் நற்கருணை வருகிறது. அவனுக்கு சீலியாக். குளூட்டன் இல்லாத அப்பம் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கிக் கொடுக்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: வாங்கிவிடாதீர்கள், பங்குத்தந்தை ஏற்க மாட்டார். அறவே குளூட்டன் இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது என்று வத்திக்கான் 2017-இல் மறுபடியும் தெளிவுபடுத்தியது. கோதுமையில் செய்த, குளூட்டன் மிகக் குறைத்த அப்பத்துக்கு அனுமதி உண்டு. அதில் எவ்வளவு இருக்கிறது என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவும் ஒத்துவராது என்றால் திராட்சை இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். மற்ற கிண்ணத்தில் அப்பத் துண்டு போடுவார்கள், ஆகவே அவனுக்குத் தனிக் கிண்ணம் வைக்கும்படி பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.