டேபிளுக்குத் தெரிந்தவை – கடிதம்

வணக்கம்.

எங்கள் அலுவலகத் தரவுத்தளத்தில் பத்து வருடப் பழைய டேபிள்கள் நிறையக் கிடக்கின்றன. யாரும் தொடுவதில்லை, ஆனால் அழிக்கவும் கூடாது. அவற்றை வெளிச் சேமிப்புக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் சிஎஸ்வியாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக்கோப்பாக எடுத்து, ஜிசிப் கருவியால் சுருக்கிப் போடு, எந்தக் காலத்திலும் திறக்கலாம் என்கிறார் மேலாளர். பார்க்கே என்ற கோப்பு வடிவம்தான் இன்றைய வழக்கம் என்கிறார் சக ஊழியர் ஒருவர். டம்ப், அதாவது தரவுத்தளத்தை அப்படியே திரும்ப உருவாக்க உதவும் நகல், எடுத்து வைத்தாலே போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? ஜிசிப் போதுமா?

க.

அன்புள்ள க,

மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து இந்தக் கோப்பைத் திறக்கப்போகிறவர் மேலாளரின் மனதில் இருக்கிறார். சக ஊழியர் நினைப்பது, அடுத்த மாதம் இதன்மேல் வினவல் எழுதப்போகிறவரை. டம்ப் கேட்பவருக்கு, நாளைக்கே திரும்ப ஏற்றச் சொன்னால் என்ன செய்வது என்ற கவலை. உங்களுடைய டேபிள்களை இந்த மூவரில் யார் படிக்கப்போகிறார் என்று முதலில் கேளுங்கள்.

டம்பை முதலில் முடித்துவிடுகிறேன். அதே தரவுத்தளத்துக்குத் திரும்பப் போவதற்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் முழுக்க ஏற்றாமல் உள்ளே இருப்பதை வசதியாகக் கேட்க முடியாது. பேக்கப்புக்குச் சரி, நீங்கள் கேட்பதற்குச் சரியில்லை.

சிஎஸ்வியில்தான் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதை எளிது என்று நினைக்கிறார்கள். ஒரு டேபிளுக்குத் தன் தரவைப் பற்றி நிறையத் தெரியும். 00417 என்பது எண் அல்ல, எழுத்து என்று தெரியும். தொகையில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்று தெரியும். இந்த இடம் காலியாக விடப்பட்டதா, அல்லது மதிப்பே இல்லையா என்றும் தெரியும். சிஎஸ்விக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. அதற்கு எல்லாமே எழுத்துதான். 2005இல் வெளியான, சிஎஸ்வியை விவரிக்கும் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் காற்புள்ளி, மேற்கோள்குறி, வரிமுடிவு பற்றியெல்லாம் பேசுகிறது. மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’ பற்றி ஒரு சொல் இல்லை. அதனால் ஒவ்வொரு தரவுத்தள மென்பொருளும் தன் வழியில் போனது. போஸ்ட்கிரெஸ் சிஎஸ்வியாக எழுதும்போது நல்லை ஒன்றுமே இல்லாத இடமாக விடும், வெற்றுச் சரத்தை (ஓர் எழுத்தும் இல்லாத உரையை) இரண்டு மேற்கோள்குறியாகப் போடும். மைஎஸ்கியூஎல் நேரடியாகக் கோப்பில் எழுதினால் நல்லுக்குப் பின்சாய்கோடும் ஆங்கிலப் பெரிய ‘N’ எழுத்தும் வரும். ஆரக்கிளோ வெற்றுச் சரத்தையே நல் என்று எடுத்துக்கொள்ளும்.

இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். ஓர் இடத்தில் ஒப்பந்தங்களின் டேபிளை சிஎஸ்வியாக எடுத்து வேறொரு அமைப்பில் ஏற்றினோம். ‘முடிந்த தேதி’ நெடுவரிசையில் நல் இருந்தால் ஒப்பந்தம் இன்னும் நடக்கிறது என்று பொருள். ஏற்றும் நிரல் காலி இடத்தைக் கண்டதும் 1900 ஜனவரி 1 என்று போட்டுக்கொண்டது. எந்தப் பிழைச்செய்தியும் இல்லை, வரிசைகளின் எண்ணிக்கையும் கச்சிதமாகப் பொருந்தியது. நடப்பில் உள்ள ஒப்பந்தம் ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை வந்தபோதுதான் விழித்தோம். அந்த நிரலை எழுதியது நான்தான்.

இடையில் யாராவது கோப்பை எக்ஸெலில் திறந்து சேமித்தால் கதை இன்னும் மோசம். முன்னால் உள்ள சுழியங்கள் போகும், 15 இலக்கத்துக்கு மேல் போன எண்ணின் வால் சுழியமாகும். 2020இல் இங்கிலாந்தில் ஆய்வகங்களிலிருந்து வந்த கோவிட் முடிவுகளைப் பழைய எக்ஸெல் வடிவத்துக்கு மாற்றினார்கள். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்தன. 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின.

பார்க்கேயில் இந்தத் தொல்லை குறைவு. ட்விட்டரும் கிளவுடெராவும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட வடிவம் அது. தரவை நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்கும். தரவு வகை, ஒவ்வொரு பகுதியிலும் உள்ள சிறும பெரும மதிப்புகள் எல்லாம் கோப்பின் கடைசியில் இருக்கும். முப்பது நெடுவரிசையில் இரண்டு மட்டும் வேண்டுமென்றால் அந்த இரண்டை மட்டும் படிக்கலாம். எனக்குப் பிடித்தது வேறொன்று: எழுதும்போது பாதியில் நின்றுபோனால் பார்க்கே கோப்பு திறக்கவே திறக்காது. சிஎஸ்வி பாதியில் நின்றால் முழுசு போலவே நடிக்கும்.

ஆனால் பார்க்கே எழுதும் வழியைப் பாருங்கள். பைதான் மொழியின் பாண்டாஸ் நூலகம் வழியாகப் போனால், முழு எண் நெடுவரிசையில் ஒரே ஒரு நல் இருந்தாலும் வழக்கமாக அந்த நெடுவரிசை முழுவதும் மிதவைப்புள்ளி (தோராயமாகச் சேமிக்கும் தசம) எண்ணாகிவிடும். 9,007,199,254,740,992க்கு மேற்பட்ட அடையாள எண்கள் அங்கே ஒன்றிரண்டு தள்ளிப்போகலாம். தொகை நெடுவரிசையையும் டெசிமல் (துல்லியமான தசம வகை) என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுங்கள்.

சிஎஸ்வி, பார்க்கே எதற்கு மாற்றினாலும் கூடவே வராதவை உண்டு: முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டுவது), அயல் சாவி (வேறொரு டேபிளைச் சுட்டுவது), கட்டுப்பாடுகள். டேபிளை உருவாக்கிய கட்டளையை ஓர் உரைக்கோப்பாகப் பக்கத்திலேயே வையுங்கள். ‘நிலை 3’ என்றால் என்ன என்று சொல்லும் சின்ன டேபிள்களையும் எடுங்கள், ஒரே பரிவர்த்தனைக்குள், ஒரே நேரத்து நிலையில். அந்தப் பொருள் டேபிளில் இல்லாமல் நிரலுக்குள் ஒளிந்திருந்தால் கையால் எழுதி வைப்பதைத் தவிர வழியில்லை. அலுப்பான வேலைதான். பத்து வருடப் பழைய டேபிள் என்கிறீர்கள், 3க்குப் பொருள் தெரிந்தவர் இன்னும் அலுவலகத்தில் இருக்கிறாரா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

ஆக, பெரிய டேபிள்கள் பார்க்கேயில் போகட்டும். சிறியவை சிஎஸ்வியிலோ எஸ்கியூலைட்டிலோ (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) இருக்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுத்தொகுப்புகளை நெடுங்காலம் காக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இரண்டுமே உண்டு, மேலாளரிடம் சொல்லுங்கள்.

தரவுத்தளத்திலிருந்து பழைய டேபிளை நீக்குவதற்கு முன், எழுதிய கோப்பை ஒரு காலி டேபிளில் திரும்ப ஏற்றிப் பாருங்கள். வரிசை எண்ணிக்கை மட்டும் போதாது, என் கதையில் அதுதான் ஏமாற்றியது. ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை நல், தொகைகளின் கூட்டல், தேதிகளின் சிறுமம் பெருமம் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் ‘எக்ஸெப்ட் ஆல்’ கட்டளை போட்டு, பழைய டேபிளையும் புதியதையும் இரண்டு பக்கமும் கழித்துப் பார்க்கலாம். வெறும் ‘எக்ஸெப்ட்’ இரட்டை வரிசைகளை விழுங்கிவிடும்.

ஜிசிப் பற்றிக் கேட்டீர்கள். சின்ன சிஎஸ்விகளுக்குத் தாராளமாகப் போடுங்கள். பெரியதற்குப் போட்டால் நடுவிலிருந்து படிக்க முடியாது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பிரிக்க வேண்டும். பார்க்கேக்கு உள்ளேயே சுருக்கம் இருக்கிறது, அதில் இசட்எஸ்டிடி என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அதன் மேல் மறுபடி ஜிசிப் போடாதீர்கள். இடமும் பெரிதாக மிச்சமாகாது, வேண்டிய நெடுவரிசையை மட்டும் படிக்கும் வசதியும் போய்விடும்.