ரோப்லாக்ஸில் மகள்: எதை விடலாம், எதைப் பூட்டலாம்?

கேள்வி: 11 வயது மகள் தினமும் இரண்டு மணி நேரம் ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் இருக்கிறாள். வீடு கட்டுகிறாள், நேரில் பார்த்திராத தோழிகளோடு பேசுகிறாள், அங்கே செலவழிக்கும் ரோபக்ஸ் நாணயத்தை வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறாள். இந்த மெய்நிகர் உலகங்களால் நன்மை ஏதும் உண்டா, நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். முதலில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் என்ன விளையாடுகிறாள் என்று பாருங்கள். ரோப்லாக்ஸ் என்பது ஒரே விளையாட்டு அல்ல; பயனர்களே உருவாக்கிய எண்ணற்ற விளையாட்டுகள் அதற்குள் இருக்கின்றன. ஒன்றில் நாலு பேர் சேர்ந்து திட்டம் போட்டுக் கட்டுவார்கள். இன்னொன்றில் ஒரே பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், காசு கொடுத்தால் சீக்கிரம் முன்னேறலாம். கடிகாரத்தில் இரண்டும் ஒரே இரண்டு மணி நேரம்தான், கிடைப்பது வேறு.

கட்டுவதில் அவளுக்கு உண்மையான ஆர்வம் இருந்தால், விளையாட்டுகளை உருவாக்க உதவும் ரோப்லாக்ஸ் ஸ்டுடியோ மென்பொருளைக் கணினியில் நிறுவிக் கொடுங்கள். இலவசம்தான். லுவா என்ற நிரல் மொழியின் ஒரு வகையில் நிரல் எழுதலாம். தொட்டால் திறக்கும் கதவு ஒன்றை முதலில் செய்யச் சொல்லுங்கள்: யாராவது தொட்டதும் கதவைப் பாதி மறையச் செய்து, ஆள் ஊடே போகும்படி மோதும் தன்மையை அணைத்து, மூன்று வினாடி கழித்துப் பழையபடி மாற்ற வேண்டும். அந்தக் காத்திருப்பு வரியை விட்டுவிட்டால் கதவு திறந்த கணமே மூடிக்கொள்ளும். திறக்கவே இல்லை என்றுதான் தோன்றும். எங்கே தப்பு என்று அவளே தேடிக் கண்டுபிடிக்கும் அந்தப் பத்து நிமிடம் விலைமதிப்பற்றது. மெய்நிகர் உலகத்தின் பெரிய லாபம் இதுதான். நேரில் பேசத் தயங்கும் பிள்ளைகள் குழுவாக வேலை செய்யப் பழகுவதும் உண்டு.

இனி பணம். ரோபக்ஸ் போன்ற இடைநாணயம் உண்மையான விலையைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும். பொருள் 450, நாணயத் தொகுப்பு 400 என்றால் இரண்டு தொகுப்பு வாங்க வேண்டும். மீதி 350 சும்மா கிடப்பது அடுத்த வாங்கலுக்கு இழுக்கும். ஃபோர்ட்நைட் என்ற இணைய விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 52 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 24.5 கோடி, வேண்டாத வாங்கல்களுக்கு இட்டுச் சென்ற பொத்தான் அமைப்புகளுக்கானது. வாங்கிய பொருளும் உங்கள் சொத்து ஆகாது. 2005-இல் தொடங்கிய கிளப் பெங்குவின் என்ற சிறுவர் மெய்நிகர் உலகம் 2017-இல் மூடப்பட்டபோது, பிள்ளைகள் அங்கே சேர்த்து வைத்ததெல்லாம் அதோடு போயிற்று.

ஆகவே வங்கி அட்டையைச் சாதனத்தில் சேமிக்காதீர்கள். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று முடிவு செய்து, அந்தத் தொகைக்குப் பரிசு அட்டை கொடுங்கள். "இலவச ரோபக்ஸ்" தருவதாகச் சொல்லும் எல்லாத் தளங்களும் மோசடி. 'இந்த வரியை உலாவியில் ஒட்டு' என்று யாராவது சொன்னால் ஒட்டக் கூடாது. அது உள்நுழைவுக் குக்கீயை, அதாவது அவள் உள்நுழைந்திருப்பதை உலாவி நினைவில் வைக்கும் சிறு தகவலைத் திருடும் வழி. குக்கீ கைமாறினால் கடவுச்சொல், இரட்டைச் சரிபார்ப்பு எதுவும் இல்லாமலே கணக்குக்குள் நுழைந்துவிடுவார்கள்.

அடுத்து கணக்கு அமைப்பு. முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். பதிவு செய்யும்போது அவள் வயதைக் கூட்டிப் போட்டிருந்தால், 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பாதுகாப்புகள் சரியாக இயங்காமல் போகலாம். பூட்டு வேலை செய்யாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பிறகு உங்களுக்கென ஒரு பெற்றோர் கணக்கு திறந்து, அடையாளச் சான்றோ கடன் அட்டையோ காட்டிச் சரிபார்த்து, அவள் கணக்கோடு இணையுங்கள். தினசரி நேரம், மாதச் செலவு வரம்பு, எந்த அளவு முதிர்ச்சிக்கான விளையாட்டுகளை அனுமதிப்பது என்ற உள்ளடக்க நிலை மூன்றையும் அங்கிருந்தே முடிவு செய்யலாம். நண்பர் பட்டியலையும் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் கவலைக்குரியது சாட். தவறான நோக்கத்தோடு வருபவர் முதலில் விளையாட்டில் உதவுவார், பரிசு தருவார், பிறகு "வேறு செயலிக்கு வா, அங்கே பேசலாம்" என்பார். அந்த அழைப்புதான் அபாய மணி; விளையாட்டுக்குள் இருக்கும் கண்காணிப்பு வெளியே கிடையாது. சாட் நேரில் தெரிந்தவர்களோடு மட்டும், வேறு செயலிக்குப் போகவே கூடாது என்று சொல்லி வையுங்கள்.

நிறுத்தச் சொல்லும்போது சுற்றின் நடுவில் பிடுங்காதீர்கள். பாதியில் வெளியேறினால் கூட்டாளிகள் தோற்பார்கள், கோபம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பத்து நிமிடம் முன்பே சொல்லி, "இந்தச் சுற்றோடு சரி" என்று முடிக்கச் சொல்லுங்கள்.

யாராவது படம் கேட்டாலோ மிரட்டினாலோ உரையாடலை அழிக்காதீர்கள். பயனர் பெயரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முதலில் ரோப்லாக்ஸிடம் புகார் செய்து, பிறகு அந்த ஆளைத் தடை செய்யுங்கள். மிரட்டல் என்றால் காவல்துறைக்கும் போங்கள். அன்று மட்டும் அவளிடமிருந்து சாதனத்தைப் பறிக்க வேண்டாம். பறித்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டாள்.